மேகத்தில் வைத்த பெட்டி: பதிவிறக்கம் வளர்ந்த வரலாறு



நாம் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது எல்லார் வீட்டிலும் நடக்கும் ஒரு காரியம். பள்ளி ஆசிரியர் புலனக் குழுவில் ஒரு நீல வரியை அனுப்புகிறார். பிள்ளை அதைத் தட்டுகிறான். ஒரு கோப்புறை திறக்கிறது. உள்ளே பாடம், பயிற்சித்தாள், படம், ஒலிப்பதிவு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. "கிடைத்துவிட்டது அம்மா" என்கிறான். அம்மாவும் சரி என்று அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்.

உண்மையில் அது கிடைத்துவிட்டதா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாததால் பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் சில தங்கள் தாத்தா பாட்டியின் படங்களை இழக்க நேர்ந்தது. அந்தத் தவற்றைச் செய்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்களே. அதைப் பின்னால் சொல்கிறோம். இந்த வசதி எப்படி வந்தது என்ற வரலாற்றை முதலில் காண்போம்.

நாம் சிறுபிள்ளைகளாக இருந்த 1980களில், லயத்து வீட்டில் ஒலிநாடாப் பெட்டி ஒன்று இருந்தால் அது பெரிய காரியம். வானொலியில் நேயர் விருப்பம் வரும் நேரத்தில் அண்ணன்மார் வெற்று நாடாவைப் போட்டு, பொத்தானில் விரலை வைத்துக் காத்திருப்பார்கள். பாட்டுத் தொடங்கியதும் அமுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து யாராவது தும்மினால் திட்டு விழும். மலையில் மழை பிடித்துக்கொண்டால் இரைச்சலும் சேர்ந்து பதிவாகும். காற்றோடு போயிருக்க வேண்டிய பாட்டு, நாடாவில் ஏறியதால் வீட்டுச் சொத்தாயிற்று. வேறோர் இடத்தில் இருப்பதை நம்முடைய பெட்டிக்குள் இறக்கி வைத்துக்கொள்வதற்குத்தான் இன்று பதிவிறக்கம் என்று பெயர்.

கணினி உலகில் இதற்கு முறையான விதி எழுதியவர் ஓர் இந்தியர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அலகாபாத்தில் பிறந்த அபய் பூஷண், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவர்களுள் ஒருவர். பின்னர் அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனார். அங்கிருந்துகொண்டு 1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒரு கணினியில் உள்ள கோப்பை இன்னொரு கணினி எவ்வாறு கேட்டுப் பெறுவது என்பதற்கான விதிகளை எழுதி வெளியிட்டார். எஃப்.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கோப்பு மாற்று விதிமுறை அது. அன்று உலகம் தழுவிய இணையம் கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள் சிலவற்றை இணைத்த ஆர்பாநெட் என்ற சிறிய வலை மட்டும் இருந்தது. பின்னாளில் சில கணினிகள், ஊர் பேர் சொல்லாமல் வருபவரும் எடுத்துச் செல்லலாம் என்று ஒரு பகுதியைத் திறந்தே வைத்தன. இன்றைய பகிர்ந்த கோப்புறைக்கு அதை மூத்த அண்ணன் எனலாம்.

கோப்பு ஒன்றை அனுப்புவது எளிது. கோப்புறையை அனுப்புவது அப்படியன்று. கோப்புறை என்பது பல கோப்புகளைச் சேர்த்துக் காட்டும் ஓர் ஏற்பாடு. நூறு துணியைத் தனித்தனியாகச் சுமந்து போக முடியுமா? மூட்டையாகக் கட்ட வேண்டும். அந்த மூட்டை கட்டும் முறைகளுள் மிகப் பரவலானது, அமெரிக்கரான பில் காட்ஸ் 1989இல் வெளியிட்ட ஜிப் முறை. அது கோப்புகளைச் சேர்த்துக் கட்டுவதோடு சுருக்கவும் செய்யும். இன்றும் கூகள் டிரைவிலிருந்து ஒரு கோப்புறையைக் கணினியில் முழுதாக இறக்கினால் நம் கைக்கு வருவது ஜிப் மூட்டையே. பெரிய கோப்புறையானால் இரண்டு மூன்று மூட்டைகளாகவும் வரும். எல்லா மூட்டைகளும் வந்தனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகுதான் அவிழ்க்க வேண்டும். மூட்டையை அவிழ்க்காமலே "திறக்கவில்லை சார்" என்று வரும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

இனித் தமிழுக்கு வருவோம். நம் நாட்டில் 1992இல் ஜாரிங் சேவை தொடங்கியது. ஆயினும் தமிழ்க் கோப்பு ஒன்றை இறக்கிய பிறகும் அதைப் படிக்க முடியாத நிலையே நெடுநாள் இருந்தது. அனுப்பியவர் பயன்படுத்திய எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகள் நிற்கும். ஆகவே முதலில் எழுத்துருவை இறக்க வேண்டும், பிறகுதான் கட்டுரை. இந்தத் துறையில் நாம் பெருமைப்படத்தக்கவர் நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன். அவர் 1985இல் உருவாக்கிய முரசு மென்பொருளும், அதன் வழிவந்த முரசு அஞ்சலும் பல நாட்டுத் தமிழர்களின் கணினிகளில் தமிழைக் கொண்டுவந்தன. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி பாடுபட்டார். இன்று நாம் சொல்லும் "இணையம்" என்ற சொல்லே அவர் தந்தது. பின்னர் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறை பரவிய பிறகு இந்த எழுத்துருத் தொல்லை பெரிதும் தீர்ந்தது.

இந்தத் தொல்லை இருந்த காலத்திலேயே ஓர் அருஞ்செயல் நடந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் என்ற அறிவியலாளர் அதை முன்னின்று நடத்தினார். சம்பளம் வாங்காத தொண்டர்கள் அவரவர் நாட்டில், அவரவர் வீட்டில் உட்கார்ந்து பழைய தமிழ் நூல்களைத் தட்டெழுதி அனுப்பினார்கள். வேறு சிலர் பிழை திருத்தினார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். புத்தகக் கடை இல்லாத மலைத்தோட்டத்தில் இருக்கும் பிள்ளையும் சங்க நூலைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை அப்போது வந்தது. 2005இல் இலங்கைத் தமிழர்கள் நூலகம் என்ற பெயரிலேயே ஓர் இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். நம்மைப் போலவே தேயிலையை நம்பி வாழ்ந்த அந்நாட்டு மலையக மக்களின் ஏடுகளும் இதழ்களும் கூட அதில் சேர்க்கப்பட்டு வருகின்றன.

பல பிரதிகள் எடுத்துப் பல கைகளில் கொடுக்க வேண்டும் என்ற இந்தப் பதைப்பு வீணானது அன்று. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. பணம் திரட்டிக் கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். ஒரே பிரதியாக இருந்த ஓலையை எங்கே போய்க் கேட்பது?

கணினி உலகில் இதற்கு நெருப்புக்கூட வேண்டியதில்லை. ஓர் அறிவிப்புப் போதும். ஜியோசிட்டீஸ் என்ற சேவையில் உலகெங்கும் உள்ளவர்கள் இலவசமாகப் பக்கம் வைத்திருந்தார்கள்; தமிழர் பலரும் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. 2012 ஜனவரியில் மெகா அப்லோடு என்ற கோப்புச் சேமிப்புச் சேவையை அமெரிக்க அரசு முடக்கியது. திருட்டுப் படங்களும் பாட்டுகளும் அதில் பரிமாறப்பட்டன என்பது குற்றச்சாட்டு. ஆனால் தங்கள் சொந்தக் கோப்புகளை நேர்மையாக வைத்திருந்தவர்களும் அதே நாளில் வாசலில் நின்றார்கள். வாடகை வீட்டில் வைத்த சாமான் போலத்தான். வீட்டுக்காரர் பூட்டினால் நாம் வெளியே நிற்க வேண்டும்.

இப்போது மேகத்துக்கு வருவோம். மேகம் சூழ வாழும் கேமரன் மலைக்காரர்களிடம் கோப்புகள் மேகத்தில் இருக்கின்றன என்று சொன்னால் சிரிப்பார்கள். பொறியாளர்கள் கணினி வலையை வரையும்போது, வெளியே உள்ள வலையை விளக்கமாக வரையாமல் ஒரு மேகத்தைப் போட்டுவிடும் வழக்கம் இருந்தது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அவை எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில், குளிரூட்டிய கூடங்களில் அடுக்கி வைக்கப்பட்ட கணினிகள். அதில் இடம் பிடித்து நம் கோப்பை வைப்பதுதான் மேகச் சேமிப்பு.

டிராப்பாக்ஸ் என்ற சேவை 2007இல் நிறுவப்பட்டு 2008இல் பொதுமக்களுக்கு வந்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான துரூ ஹூஸ்டன், பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பேருந்தில் போகும்போது பென்டிரைவை மறந்துவிட்டதால்தான் அந்த எண்ணம் தோன்றியது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அபய் பூஷண் இருந்த அதே மாசசூசெட்ஸ் கழகத்தில் படித்தவர் அவர் என்பது ஒரு பொருத்தம். 2012 ஏப்ரல் 24ஆம் நாள் கூகள் டிரைவ் வந்தது. தொடக்கத்தில் 5 கிகாபைட் இலவசம். அடுத்த ஆண்டு மின்னஞ்சல் முதலியவற்றையும் சேர்த்து 15 கிகாபைட் ஆக்கினார்கள். கோப்புறையை வைத்திருப்பவர் அதற்கு ஓர் இணைப்பு வரியை உண்டாக்கலாம். அந்த வரி யார் கையில் இருக்கிறதோ அவர் வந்து பார்க்கலாம், இறக்கலாம். அருமையான வசதி. ஆனால் அந்த வரி வாசலைக் காட்டும் விலாசம் மட்டுமே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பொருள் வைத்தவர் வீட்டிலேயே இருக்கிறது.

நம் பள்ளிகளுக்கு இது எப்போது வந்தது? மலேசியப் பள்ளிகளுக்குக் கூகளின் கல்விச் சேவையைத் தரும் ஏற்பாடு 2013இல் அறிவிக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் கூகள் வகுப்பறை பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. இருந்தாலும் தோட்டத்து வீடுகளுக்குள் கோப்புறை நுழைந்தது 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகுதான். பள்ளி மூடியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் கல்வி அமைச்சு டெலிமா தளத்தைத் தொடக்கியது. அதே ஜூனில் சபாவின் பித்தாஸ் பகுதியில் ஒரு பல்கலைக்கழக மாணவி, தேர்வு எழுத இணைய அலை கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி இரவைக் கழித்த செய்தியை நாடே பார்த்தது.

நம் மலையிலும் ஏறத்தாழ அதே கதைதான். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த குனோங் பிரிஞ்சாங் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. வெயில் அடித்தால் லயத்து வாசலிலிருந்தே தெரியும். ஆனால் இரண்டு குன்றுகளுக்கு நடுவே மடிப்பில் கிடக்கும் லயத்துக்கு அலை இறங்கி வராது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். மாலையில் அவர் வந்த பிறகு மூன்று பிள்ளைகள் அதற்குச் சண்டை போடுவார்கள். முன்பணம் கட்டிய தரவோ வாரக் கடைசியில் தீர்ந்துவிடும்.

அப்போதுதான் இறக்கி வைப்பதன் அருமையைச் சில தாய்மார்கள் எங்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். கோப்புறையைத் திறந்து ஒரு காணொளியைப் பார்த்தால் தரவு செலவாகிறது. மறுநாள் மறுபடி பார்த்தால் பெரும்பாலும் மறுபடியும் செலவு. ஒருமுறை இறக்கிவிட்டால் எத்தனை முறை பார்த்தாலும், அலையே இல்லாவிட்டாலும் ஓடும். காய்கறி வாங்கப் பிரிஞ்சாங் பட்டணத்துக்குப் போகும் ஒரு தாய், கடை வாசலில் கிடைத்த இலவச வைஃபையில் அந்த வாரப் பாடம் முழுவதையும் இறக்கிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவர் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டார்கள். கைப்பேசியில் கோப்புகளைப் பல வேளை ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டியிருந்தது; அவர் சலிக்கவில்லை. நாங்கள் அதன்பின் காணொளிகளைச் சிறிதாக்கி, ஒவ்வொரு கோப்புக்கும் கிழமையும் பாடத்தின் பெயரும் இட்டு வைத்தோம். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் "புதியது" என்று பெயர் வைத்திருந்தோம் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இனி நாங்கள் செய்த தவறு. 2018இல் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்காக, தோட்டத்து வீடுகளில் இருந்த பழைய படங்களைக் கைப்பேசியில் படம்பிடித்துச் சேர்த்தோம். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்று புத்தகங்களில் இருக்கிறது. அந்தக் காலம் முதல் இந்த மலைச்சரிவுகளில் காடு வெட்டியவர்கள், கன்று நட்டவர்கள், கொழுந்து கிள்ளியவர்கள் ஆகியோரின் முகம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? இரும்புப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் கிடந்த கல்யாணப் படத்திலும், கோயில் திருவிழாப் படத்திலும்தான் இருக்கிறது. ஏறத்தாழ முந்நூறு படங்கள் சேர்ந்தன. எங்களில் ஒருவருடைய சொந்தக் கணக்கில் கோப்புறையாகப் போட்டு இணைப்பை எல்லார்க்கும் அனுப்பினோம். அடுத்த ஆண்டும் சில வீடுகளிலிருந்து படங்கள் வந்தன. அவற்றையும் அதிலேயே சேர்த்தோம்.

2021 ஜூன் 1 முதல், கைப்பேசியில் எடுத்துக் கூகள் போட்டோஸில் சேரும் படங்களும் அந்த 15 கிகாபைட் கணக்கில் சேர்ந்தன. அதற்கு முன், சுருக்கிய தரத்தில் சேமித்தவை அந்தக் கணக்கில் சேர்வதில்லை. அதனால் பலருடைய கணக்குகள் விரைவில் நிரம்பின. எங்கள் கணக்கும் 2022இல் நிரம்பி, இடமில்லை என்ற எச்சரிக்கை வந்தது. எதை நீக்குவது என்று பார்த்தோம். அந்தக் கோப்புறையின் இணைப்பு எல்லாருடைய புலனத்திலும் இருக்கிறது, சிலர் தங்கள் டிரைவிலும் சேர்த்திருக்கிறார்கள், ஆதலால் எல்லாரிடமும் படங்கள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு அதை நீக்கிவிட்டோம். 2020இன் பிற்பகுதியிலிருந்து, அவ்வாறு சேர்த்தால் கிடைப்பது ஒரு குறுக்குவழி மட்டுமே, பிரதி அன்று என்பதை அறியாமல் இருந்தோம். நீக்கியது குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். பிறகு தானே அழிந்துவிடும். அந்த 30 நாளில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, கொழுந்து எடுத்தே காலம் கழித்த ஒரு பாட்டி காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சட்டம் போட அவருடைய இளவயதுப் படத்தைப் பேரன் தேடினான். வீட்டில் இருந்த அச்சுப் படம், குடும்பம் லயத்தை விட்டு அடுக்கு வீட்டுக்குப் போனபோது மழையில் நனைந்து ஒட்டிக் கிழிந்துபோயிருந்தது. கோப்புறையில் இருக்கிறது என்ற தைரியத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவன் இணைப்பைத் தட்டினான். இல்லை என்று வந்தது. எங்களிடம் வந்தான். எங்களிடமும் இல்லை.

முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் விசாரித்தோம். எல்லாரும் கைப்பேசியை எடுத்து அந்த நீல வரியைக் காட்டினார்கள். கடைசியில் ஈப்போவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, 2018 டிசம்பரில் தன் சின்னம்மா வீட்டுக் கணினியில் கோப்புறையை முழுதாக இறக்கியிருந்தாள். ஜிப் மூட்டை அவிழ்க்கப்படாமல் அப்படியே கிடந்தது. பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் 270 படங்கள் இருந்தன. இறக்கிய பிரதி, இறக்கிய நாளோடு நின்றுவிடும். பின்னர் சேர்த்தவை தானே வந்து சேரா. பாட்டியின் படம் 2019இல் வந்தது.

இப்போது அந்த 270 படங்களும் மூன்று இடங்களில் இருக்கின்றன: பள்ளிக் கணினியில் ஒன்று, வன்தட்டு ஒன்றில் இன்னொன்று, அந்த மாணவியிடம் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி விடுமுறையில் திறந்து பார்த்து, புதியவை இருந்தால் மூன்றிலும் சேர்க்கிறோம். புதிய கோப்புறையையும் வைத்திருக்கிறோம். ஆனால் இணைப்பை அனுப்பும்போது "இறக்கிக்கொள்ளுங்கள்" என்று சேர்த்தே எழுதுகிறோம். 2023 டிசம்பர் முதல், இரண்டாண்டு பயன்படுத்தாத தனியார் கணக்குகளைக் கூகள் அழிக்கத் தொடங்கியிருப்பதால், இறந்துபோனவர் பெயரிலோ ஓய்வு பெற்றவர் பெயரிலோ உள்ள கோப்புறை எதுவும் இருந்தால் இப்போதே இறக்கிவிடும்படி பெற்றோர்களுக்கும் சொல்லி வருகிறோம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் போன்றவற்றை மட்டும், இணைப்பு உள்ள எவரும் திறக்கக்கூடிய கோப்புறையில் போட வேண்டாம். சிலர் போட்டிருந்தார்கள், எடுக்கச் சொன்னோம்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2019ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ அந்தப் பழைய படக் கோப்புறையை இறக்கியவர்கள் எங்கேனும் இருக்கலாம். ஈப்போ, தாப்பா, கோலாலம்பூர் என்று பிழைக்கப் போன நம் பிள்ளைகளின் பழைய மடிக்கணினியில், மாற்றிப் போட்ட கைப்பேசியின் அட்டையில் ஒரு ஜிப் மூட்டை கிடக்கலாம். நாங்கள் தேடும் படத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் மூன்று பெண்கள் முதுகில் கூடையோடு நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டே சிரிக்கிறார். கண்டெடுத்தவர்கள் பிரிஞ்சாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவரிடம் கொடுத்தாலும் எங்களுக்கு வந்து சேரும்.